விளக்கு வைத்த கம்ப்யூட்டர்

வெள்ளிக்கிழமை காலையில் பாண்டிச்செல்வத்தின் கம்ப்யூட்டர் மறுபடியும் தானாக அணைந்துபோனது.

இந்த வாரத்தில் அது அப்படிச் செய்வது முதல் தடவை அல்ல. ஆனால் இன்றைக்குக் கருகல் வாடையும் சேர்ந்து வந்தது. மாரிக்கனி பாய்ந்து போய் பிளக்கைப் பிடுங்கினாள். அவள் பாதி வரைந்து வைத்திருந்த மாடிப்படி, திரையோடு சேர்ந்து காணாமல் போனது.

"என்னட்டி வாடை?" அடுப்படியிலிருந்து மாமியார் வெள்ளத்தாயின் குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல அத்தே."

ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை என்று சொல்லியே அந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார்கள். வடக்கே பனிமலைப் பாதையில் ராணுவ வண்டி பள்ளத்தில் உருண்டு பாண்டிச்செல்வம் போய், அடுத்த வாரம் தலைத்திவசம் வருகிறது. அவன் அப்பா சீனிச்சாமி, அம்மா வெள்ளத்தாய், மனைவி மாரிக்கனி மூன்று பேரும் ஒருவரை ஒருவர் அழவைத்துவிடக் கூடாதென்று பார்த்துப் பார்த்துப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு நாள் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து ஓவென்று அழுதிருக்கலாம். இந்தக் கதையும் இத்தனை வாரம் இழுத்திருக்காது.

கம்ப்யூட்டர் கூடத்து மூலையில் இருந்தது. லீவில் வந்திருந்த சமயம் பாண்டி ஒவ்வொரு பாகமாக வரவழைத்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் கையாலேயே பூட்டியது. கேம் விளையாடுவதற்குத்தான் பூட்டினான். "விளையாடவும் ஆச்சு, நீ வீட்டுப் படம் போடவும் ஆச்சு" என்று சிவில் டிப்ளமோ படித்த மனைவியிடம் ஒரு சாக்குச் சொல்லி வைத்தான்.

லீவில் வந்தால் அவன் உட்காரும் இடம் அதுதான். அதனால் காரியம் முடிந்த கையோடு வெள்ளத்தாய் அவன் படத்தை அந்தக் கம்ப்யூட்டர் தலையில் வைத்தாள். பக்கத்திலேயே விளக்கு. படத்துக்கு மல்லிகைப்பூ, விபூதி. வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி. புகை கம்ப்யூட்டரைச் சுற்றிச் சுற்றி வரும். "பாரு, அவன்கிட்டதான் போகுது" என்பாள். மாரிக்கனி ஒன்றும் சொல்லமாட்டாள்.

காலைச் சாப்பாடு முடிந்ததும் சௌந்தரபாண்டியன் வந்து சேர்ந்தார். மாரிக்கனியின் அப்பா. ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் காஸ் துணி நெய்யும் யூனிட் ஒன்றில் சூப்பர்வைசர். போன வாரம் இதே வீட்டு வாசல் ஏறி, காப்பியை மட்டும் குடித்துவிட்டு, சொல்ல வந்ததைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறியவர். இன்றைக்கு காப்பி டம்ளரைக் கீழே வைக்குமுன்பே ஆரம்பித்துவிட்டார்.

"மச்சான், மனசுல வச்சுக்கிட்டு என்னால முடியல. வருசம் திரும்புனதும் மாரிய நான் கூட்டிட்டுப் போறேன். ஹெப்சிபா மேடம்னு ஒரு இன்ஜினியர், எங்க ஊருலதான் ஆபீஸு. வீட்டுப் படம் போட ஆளு கேக்காக. நல்ல கம்ப்யூட்டர் இருந்தா போதும்னு சொல்லிட்டாக."

சீனிச்சாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டார், பிறகு எடுத்து மடியில் வைத்தார்.

"கம்ப்யூட்டர்தான் இங்க இருக்கே."

"இது அடிக்கடி நின்னு போகுதுன்னு மாரியே சொல்லுதா. புதுசா ஒண்ணு வாங்கி எங்க வீட்டு மாடி ரூம்ல போட்டுருதேன்."

"டிராக்டர்ல இஞ்சின் போச்சுன்னா இஞ்சினத்தான மாத்துதோம்? வண்டியவா தூக்கிப் போடுதோம்? உள்ள எது போச்சோ அத மாத்தி, இங்கனயே உக்காந்து வேலை பாக்கட்டும். யாரு வேண்டாம்னா?"

இரண்டு பெரியவர்களும் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் விஷயம் அது அல்ல என்பது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். புதுசு வாங்கினால் மாரிக்கனி போகிறாள். பழசைச் சரிபார்த்தால் மாரிக்கனி இருக்கிறாள். சம்பந்திகள் முகத்துக்கு முகம் சொல்லக் கூசியதை ஒரு மெஷின் மேல் ஏற்றி வைத்துப் பேசினார்கள். மாரிக்கனியைத்தான் யாரும் கேட்கவில்லை.

வெள்ளத்தாய் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"எம்பிள்ள பூட்டுன திருகாணிய எவனும் தொடக்கூடாது. ஓடலைன்னா ஓடாமக் கெடக்கட்டும். வெளக்கு வைக்க அது ஓடணும்னு என்ன இருக்கு?"

"எனக்கு ஓடணும் அத்தே."

ஒரு வருஷத்தில் மாரிக்கனி அந்த வீட்டில் 'எனக்கு' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு அவளுக்கே பயமாக இருந்தது.

"வேலைக்கா?" என்றார் சீனிச்சாமி.

"வேலைக்கு மட்டும் இல்ல மாமா. நாங்க ரெண்டு பேரும் வெளையாடுவோம்லா, அது அதுக்குள்ளதான் இருக்கு. ஒரு மலையடிவாரம். கெணறு, ஆடு, தோட்டம், எல்லாம் நாங்களே வெட்டி, நாங்களே வச்சது. கடைசி லீவுல ஒரு வீடு கட்டுனோம். அவிய செவரு வச்சாக, நான் வாசல் வச்சேன். கூரை மட்டும் பாக்கி. அடுத்த லீவுல போட்டுருவோம்னாக." அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். "நான் அதத் தெறந்தே பாக்கல. ஆனா உள்ள இருக்குங்கிற தைரியம் இருந்துச்சு. இன்னைக்குக் கருகல் வாடை வந்ததும் எனக்கு ஈரக்குலை நடுங்கிருச்சு."

தெருவில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

வெள்ளத்தாய் உள்ளே போனாள். கோபித்துக்கொண்டுதான் போகிறாள் என்று நினைத்தார்கள். செத்த நேரத்தில் வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். கையில் பாண்டியின் கம்பளி.

"ஆட்டோ கூப்புடுங்க அண்ணே" என்றாள் சௌந்தரபாண்டியனிடம். "நானும் வாரேன். தெறக்கும்போது நான் பாக்கணும்."

"நீ எதுக்குட்டி?" என்றார் சீனிச்சாமி.

"அன்னைக்குப் பெட்டியில ஆணி அடிச்சு, கொடி போத்திக் கொண்டாந்தாக. தெறக்கக் கூடாதுன்னுட்டாக. பெத்தவ நான், எம்பிள்ள மொகத்தப் பாக்கல. நீங்க ஆம்பளைக எல்லாரும் சரி சரின்னு தலையாட்டுனீக. இன்னைக்கு எவன் தெறந்தாலும் என் கண்ணு முன்னாலதான் தெறக்கணும்."

சீனிச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்குத் தலையாட்டியவர்களில் முதல் ஆள் அவர்தான். கையெழுத்துப் போட்டு வாங்கியவரும் அவர்தான். வாசல்வரை வந்து, கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்ற ஒரு கை கொடுத்துவிட்டு, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார்.

ராஜபாளையம் வரைக்கும் கம்ப்யூட்டர் இரண்டு பெண்களின் மடியிலும் பாதிப்பாதி கிடந்தது. மேலே கம்பளி. மேற்கே மலை கூடவே வந்தது. விளையாட்டில் வரும் மலையைப் பார்த்து, "நம்ம அய்யனார் கோவில் மலை மாதிரியே இருக்குல்ல?" என்று பாண்டி சொன்னது மாரிக்கனிக்கு ஞாபகம் வந்தது. அத்தையிடம் சொல்லலாமா என்று பார்த்தாள். வெள்ளத்தாய் இரண்டு கையாலும் கம்பளியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

கம்ப்யூட்டர் கடை ஷெரின் என்ற பெண்ணுடையது. மாரிக்கனியின் வயதுதான் இருக்கும். கத்தரித்த முடி, கையில் ஸ்குரூ டிரைவர், வாயில் ஓயாத பேச்சு. வந்தவர்கள் யார், எதற்காக வந்திருக்கிறார்கள் என்று எதுவும் கேட்காமல் கம்ப்யூட்டரை மேஜையில் சாய்த்தாள்.

"கேமிங் மெஷினாக்கா? நல்ல அசெம்பிளி. யாரு பண்ணுனது?"

"வீட்டுக்காரர்."

"கையில பொறுமை உள்ள ஆளு. ஒயரெல்லாம் எப்படிக் கட்டியிருக்காருன்னு பாருங்க" என்றபடி பக்கத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றினாள். வெள்ளத்தாய் மேஜையை ஒட்டி வந்து நின்றாள்.

தகடு விலகியது.

உள்ளே கறுப்பாக இருந்தது. தூசியில்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்த கரி. விசிறியின் இதழ்களில் அப்பிப்போய், சுற்றக்கூட இடமில்லாமல் கிடந்தது. அடியில் வெள்ளையாக விபூதி. இரும்புக் கம்பிவலையில் சருகாகிப்போன மல்லிகைப்பூக்கள். ஷெரின் விசிறியை விரலால் தள்ளிப் பார்த்தாள். அது நகரவில்லை.

"என்னக்கா இது! மெஷினுக்குப் பக்கத்துல யாராவது சாம்பிராணி போட்டீங்களா? புகை, எண்ணெய் எல்லாத்தையும் ஃபேன் உள்ள இழுத்திருக்கு. மூச்சு விட முடியாமத்தான் சூடாகிச் சூடாகி நின்னிருக்கு."

மாரிக்கனி மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் பொய் தானாக வாயில் வந்தது.

"இல்ல. கொஞ்ச நாளு எங்க அப்பா வீட்டுல இருந்துச்சு. பக்கத்துல காஸ் யூனிட்டு. பஞ்சு பறந்து வந்து அடைச்சிருக்கும்."

"ஆமாம்மா" என்றார் சௌந்தரபாண்டியன் உடனே. "எங்க தெருவுல சோத்துத் தட்டுல கூடப் பஞ்சு வந்து விழும். எம்மேல உள்ள தப்புதான். மூடி வச்சிருக்கணும்."

மகளை அந்த வீட்டிலிருந்து பிரித்துக் கூட்டிப்போக வந்த மனுஷன் அவர். சம்பந்தியம்மாவின் தலை குனியக்கூடாதென்று, அந்தக் கம்ப்யூட்டர் வாசலைக்கூட மிதிக்காத தன் வீட்டின் மேல் பழியைத் தூக்கிப் போட்டுக்கொண்டார். இந்தத் தொடரில் நான் அவரைக் கொஞ்சம் கடுமையாகவே எழுதியிருக்கிறேன். இன்றைக்கு அதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஷெரினுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

"நானும் இந்த ஊருதான் அண்ணாச்சி. பஞ்சு அடைச்ச மெஷின் தினம் ஒண்ணு வருது. பஞ்சு வெள்ளையா, மெத்தை மாதிரி இருக்கும். இது கரி."

"நாந்தாம்மா போட்டேன்" என்றாள் வெள்ளத்தாய்.

மாரிக்கனி அவள் கையைப் பிடித்தாள். வெள்ளத்தாய் கையை விடுவித்துக்கொள்ளவில்லை, மாரிக்கனியைப் பார்க்கவும் இல்லை. அந்தக் கரியைத்தான் பார்த்தாள்.

"வெளக்கும் நாந்தான் வச்சேன். அவன்கிட்டதான் போகுதுன்னு நெனச்சேன். எம்பிள்ள விட்டுட்டுப் போனதையும் நானே கொன்னுட்டேனே."

"அய்யய்யோ, சாகலம்மா" என்று ஷெரின் பதறிப்போனாள். யார் விட்டுப்போனது என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. குரல் இறங்கியது. "துடைச்சு, ஃபேனை மாத்துனா ஓடும்மா. கொஞ்ச நாளைக்குத் தாங்கும். டிஸ்க் நல்லா இருக்கு, அதுல உள்ளது எதுவும் போகாது."

"கொஞ்ச நாளைக்குன்னா?" என்று கேட்டாள் மாரிக்கனி.

"மெஷின் பழசாயிருச்சுக்கா. நீங்க படம் போடுற வேலைக்கு அப்கிரேடு பண்ணணும்னா, புது புராசஸர் இந்த போர்டுல உக்காராது. போர்டை மாத்துனா ராமையும் மாத்தணும். கார்டு, பவர் சப்ளை எல்லாம் புதுசு. மிஞ்சுறது இந்தக் கூடும் டிஸ்க்கும்தான். அதுக்குப் புதுசாவே ஒண்ணு வாங்கிட்டா, டிஸ்க்கை மட்டும் கழட்டி அதுல மாட்டித் தந்துருவேன். கூடு வேண்டாம். ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

பேசிக்கொண்டே துடைப்பதற்காகப் பக்கத் தகட்டைத் திருப்பினாள். திருப்பியவள் கையில் இருந்த துணியோடு அப்படியே நின்றாள்.

தகட்டின் உள்பக்கம், கரி எட்டாத ஓரமாக, சாம்பல் நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. சுழிச் சுழியாக, ஒரு கோடு பிசகாமல்.

"புராசஸர் மேல ஒரு பேஸ்ட் தடவுவோம்மா. தடவிட்டு மிச்சத்த இதுல தேய்ச்சிருக்காரு" என்றாள் மெதுவாக.

வெள்ளத்தாய் தகட்டைக் கையில் வாங்கினாள். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். கண்ணாடி கொண்டுவராததால் இன்னும் கிட்டே. விரலை நீட்டி, தொடுமுன் நிறுத்தினாள்.

"தொட்டா அழிஞ்சிருமா?"

"காஞ்சுபோனது. உதிர்ந்துரும்மா."

அவள் விரலை இழுத்துக்கொண்டாள். "சின்னப்புள்ளையில கையில எது அப்புனாலும் செவத்துலதான் தேய்ப்பான். எத்தன அடி வாங்கியிருக்கான்" என்றாள். அதற்குப் பிறகு அழுதாள். கடை என்று பார்க்கவில்லை, சம்பந்தி நிற்கிறார் என்று பார்க்கவில்லை. மாரிக்கனியும் அவள் தோளில் முகத்தை வைத்து அழுதாள். சௌந்தரபாண்டியன் வெளியே போய் நின்றுகொண்டார்.

ஷெரின் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். வெள்ளத்தாய் தகட்டை மடியில் வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். அவ்வளவு நேரமும் ஷெரின் வாயைத் திறக்காமல் வேலை பார்த்தாள். கரியைத் துடைத்தாள், விசிறியை மாற்றினாள், விபூதியைத் தரையில் தட்டாமல் ஒரு தாளில் சேர்த்து மடித்து வைத்தாள்.

மெஷின் பக்கத் தகடு இல்லாமலே ஓடியது. திரையில் வெளிச்சம் வந்தது.

"சூடாகுதான்னு பாக்கணும். கனமா ஒண்ணு ஓட்டுனாத்தான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே ஷெரின் திரையில் முதலில் தெரிந்த விளையாட்டைத் திறந்தாள். மாரிக்கனி வேண்டாமென்று கையை நீட்டுவதற்குள் அது திறந்துவிட்டது.

மலையடிவாரம். கிணறு. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கல் சுவர் நான்கும் எழும்பிய ஒரு வீடு. வாசலில் இரண்டு பேர் நின்றார்கள், கடைசியாக நிறுத்திய இடத்திலேயே.

வெள்ளத்தாய் எழுந்து வந்தாள்.

"இது யாரு?"

"அவிய."

"இது?"

"நான்."

பச்சைச் சட்டை போட்ட அந்த உருவத்துக்குப் பாண்டியின் ஜாடை எதுவும் கிடையாது. இருந்தும் வெள்ளத்தாய் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவள் பார்வை மேலே போனது.

"இந்த வீடுதானா?"

"ஆமா அத்தே."

"புதுசு வாங்குனா இது அதுல வருமா?"

"அப்படியே வரும்மா" என்றாள் ஷெரின்.

வெள்ளத்தாய் முந்தானைக்குள் இருந்த தகட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப புதுசே வாங்குட்டி. ராஜபாளையத்துலயே வச்சுக்க, உங்கய்யா வீட்டுல. அந்த மேடத்துக்கிட்ட வேலை பாரு. ஒங்க மாமாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். எனக்கு இந்தத் தகடு போதும்."

ஒரு வருஷமாக எந்த வார்த்தையைக் கேட்க மாரிக்கனி தவித்தாளோ, அந்த வார்த்தை இதுதான். போ என்று அத்தை வாயால் வரவேண்டும் என்று எத்தனை தடவை நினைத்திருப்பாள். இப்போது வந்துவிட்டது. அவளால் சரி என்று தலையாட்ட முடியவில்லை.

"அக்கா, புதுசுக்கு ஆர்டர் போட்டுறட்டுமா?" என்று ஷெரின் கேட்டாள். வாசலில் சௌந்தரபாண்டியனும் திரும்பிப் பார்த்தார். இன்றைக்குத்தான் முதல் தடவையாக எல்லோரும் மாரிக்கனியின் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

அவள் திரையைப் பார்த்தாள். சுவருக்கு மேலே வானம் தெரிந்தது.

வெள்ளத்தாய் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு. கூரை போடுத அன்னைக்கு மட்டும் என்னையக் கூப்புடு. வந்து ஒரு வெளக்கு வைக்கணும்." ஷெரினை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். "இந்த வாட்டி தள்ளியே வைக்கேன்."